வண்டை மட்டும் குத்தம் சொன்னா பத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஜெர்மனியோட ஹார்ட்ஸ் மலைக் காடு செத்துப்போனதைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். நான் அந்த மலைக்குப் பக்கத்துல கோட்டிங்கன் ஊர்ல குடியிருக்கிறவன், லீவு கிடைச்சா அங்கதான் நடக்கப் போவேன், அதனால நம்ம தமிழ் பேப்பர்ல அதைப் பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு, படம்கூட சரியான படம்தான், அப்படித்தான் இருக்கு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் சாம்பல் கலர்ல குச்சி குச்சியா நிக்குது. ஆனா படிச்சு முடிச்சதும் மனசு ஒப்பல. மரப்பட்டைக்குள்ள குடியிருக்கிற 5 மில்லிமீட்டர் பட்டை வண்டு வந்துச்சு, மழை பெய்யல, காடு போச்சு, இவ்வளவுதான் கட்டுரை. எழுதினதுல பொய் எதுவும் இல்ல, ஆனா அந்த மரங்களை அங்க கொண்டு வந்து நட்டது யாரு, ஏன் நட்டாங்க, எப்படி வெட்டினாங்க, வெட்டினதை எங்க போட்டு வச்சாங்க, இதுல ஒண்ணுகூட கட்டுரைல வரல. மனுஷன் கை படாம இவ்வளவு பெரிய சாவு நடந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலைன்னா சுருக்கிக்கோங்க, யார் நட்டதுங்கிற பகுதியை மட்டும் விட்டுடாதீங்க.

செத்து நிக்கிறது ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரம், ஹார்ட்ஸ்ல அது தானா முளைச்சு நிக்கிற இடம் ரொம்பக் கம்மி. 1141 மீட்டர் உயரம் இருக்கிற பிராக்கன் உச்சியும் அதைச் சுத்தி சுமார் 800 மீட்டருக்கு மேல இருக்கிற குளிர்ந்த ஈரமான மேடும்தான் அதோட சொந்த இடம், அதுக்குக் கீழ இருந்ததெல்லாம் பெரும்பாலும் பீச் காடு, அகல இலை மரம், குளிர்காலத்துல இலை கொட்டுற மரம். அந்தக் காடு எங்க போச்சுன்னா சுரங்கத்துக்குள்ள போச்சு. கோஸ்லார் ஊர்ப் பக்கம் ரம்மல்ஸ்பெர்க்னு ஒரு சுரங்கம் 1000 வருஷத்துக்கு மேல ஓடுச்சு, வெள்ளி, ஈயம், செம்புன்னு தோண்டிக்கிட்டே இருந்தாங்க, உள்ள முட்டுக் கொடுக்க மரம் வேணும், தாதுவை உருக்க கரி வேணும், 18ஆம் நூற்றாண்டு வர்றதுக்குள்ள பல மலை மொட்டையாயிடுச்சு. திரும்ப நடணும்னு வந்தப்போ கையில கிடைச்சது ஸ்ப்ரூஸ். விதை சுலபமா சேகரிக்கலாம், நாத்தங்கால்ல நல்லா வரும், திறந்த வெளில வெயிலையும் உறைபனியையும் தாங்கும் (பீச் கன்னு தாங்காது, அதுக்குப் பெரிய மரத்தோட நிழல் வேணும்), நேரா வளரும், நல்ல விலைக்குப் போகும். அன்னைக்கு இருந்த நிலைமைக்கு அந்த முடிவை நான் தப்பு சொல்ல மாட்டேன், பஞ்சத்துல இருந்தவங்க அவங்க. ஆனா அதே 18ஆம் நூற்றாண்டு கடைசியிலேயே ஹார்ட்ஸ்ல பட்டை வண்டு பெருகி லட்சக்கணக்குல ஸ்ப்ரூஸ் காஞ்சு போச்சு, அதைக் கண்ணால பாத்த பிறகும் திரும்ப ஸ்ப்ரூஸையே நட்டாங்க. இங்கதான் எனக்குக் கோவம் வருது.

அடுத்த ரவுண்டு இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம். போர் நஷ்ட ஈடுன்னு ஜெயிச்ச நாடுகள் இந்தப் பக்கத்து மரத்தை எல்லாம் வெட்டி எடுத்தாங்க, ஊர் ஜனங்க குளிருக்கு எரிக்க வெட்டினாங்க, போதாததுக்கு 1940கள் கடைசில புயல்ல விழுந்ததும் வண்டு தின்னதும் வேற. மறுபடி மொட்டை. அப்ப மலை ஏறி நட்டது பெரும்பாலும் பெண்கள், புருஷன் போர்ல செத்தவங்க, கிழக்குல இருந்து அகதியா வந்தவங்க, சொற்பக் கூலிக்கு முதுகு ஒடிய நட்டாங்க. அவங்களை நினைச்சுதான் பழைய ஜெர்மன் 50 ஃபெனிக் காசுல ஒரு பொண்ணு மண்டி போட்டு மரக்கன்னு நடுற மாதிரி படம் போட்டிருந்தாங்க. காசுல இருக்கிறது ஓக் கன்னு, மலைல அவங்க நட்டது பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். அந்தப் பெண்களோட உழைப்பைப் பத்தி எனக்கு மரியாதை மட்டும்தான் இருக்கு, எதை நடணும்னு முடிவு பண்ணினது அவங்க இல்ல.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. 1950 வாக்குல நட்டது 2018ல கிட்டத்தட்ட 70 வயசு. பட்டை வண்டுக்கு சின்ன மரம் அவ்வளவா பிடிக்காது, பட்டை மெல்லிசா இருந்தா குஞ்சு வளர இடம் பத்தாது, சுமார் 60 வயசுக்கு மேல பட்டை தடிச்ச மரம்தான் வேணும். தானா வளர்ந்த காட்டுல 10 வயசும் இருக்கும் 200 வயசும் இருக்கும், நடுவுல வேற ஜாதி மரம் இருக்கும். நட்ட காட்டுல ஒரே வருஷம் நட்டது ஒரே வருஷம் வண்டுக்குப் பக்குவமாகுது, மலை மலையா, இடைவெளியே இல்லாம.

வண்டு எப்படி வேலை செய்யுதுன்னு கட்டுரைல ரெண்டு வரிதான் இருந்துச்சு, அதனால கொஞ்சம் சொல்றேன். ஆண் வண்டு முதல்ல பட்டையைத் துளைச்சு உள்ள போய் ஒரு சின்ன அறை தோண்டும், அங்கேர்ந்து ஒரு வாசனையை வெளில விடும், அதுக்கு பெண்ணும் வரும் மத்த ஆணும் வரும், நூத்துக்கணக்குல ஒரே மரத்துல வந்து இறங்கும். மரம் சும்மா இருக்காது, துளைச்ச இடத்துல பிசினைக் கொட்டி வண்டை மூழ்கடிக்கும், நல்ல மரத்துல ஒண்ணு ரெண்டு வண்டு வந்தா செத்துதான் போகும். ஆனா பிசின் சுரக்க தண்ணி வேணும். தண்ணி இல்லாத வருஷம் மரத்துக்கு அந்த பலம் இல்ல, வண்டு கூட்டமா வந்தா பலம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. வண்டு கூடவே நீலக்கறை போடுற பூஞ்சையும் உள்ள போகுது, அது தண்ணி ஏறுற பாதையை அடைச்சிடும், வண்டு பாதி பூஞ்சை பாதின்னு சேர்ந்துதான் மரத்தைக் கொல்லுது. குளிர் அதிகமான மலைல வருஷத்துக்கு ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறைதான் வரும், வெயில் நீண்டா மூணு. ஒரு பெண் வண்டுல ஆரம்பிச்சா மூணாவது தலைமுறைக்குள்ள லட்சத்தைத் தாண்டும்னு இங்க வனத்துறைக்காரங்க சொல்வாங்க.

சரி, இது எல்லாம் எப்படி பத்திக்கிச்சு? புயல். 2007 ஜனவரி 18 கிரில்னு ஒரு புயல், சரியா 11 வருஷம் கழிச்சு அதே ஜனவரி 18, 2018ல ஃப்ரீடரிக்கேன்னு இன்னொரு புயல். ஸ்ப்ரூஸுக்கு வேர் ஆழமா போகாது, மேலாக்கப் படரும், அதுவும் ஒரே உயரத்துல நெருக்கமா நட்ட காடு காத்துக்கு ஒரு ஓரம் விழுந்தா உள்ள இருக்கிறது வரிசையா சாயும். விழுந்த மரம் வண்டுக்கு விருந்து, உயிர் பாதி இருக்கும், பிசின் வராது. இந்த நேரத்துல மனுஷன் என்ன பண்றான்ங்கிறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். விழுந்த மரத்தை வசந்தத்துல வண்டு பறக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடணும், இல்லன்னா பட்டையை உரிச்சுப் போடணும். அப்புறம் கோடை முழுக்க ஆள் நடந்து நடந்து ஒவ்வொரு மரத்தோட அடியிலயும் வண்டு துளைச்ச பொடி காபித்தூள் மாதிரி விழுந்திருக்கான்னு பாக்கணும், இருந்தா அந்த மரத்தை குஞ்சு வண்டாகி வெளில வர்றதுக்குள்ள வெட்டி காட்டை விட்டு 500 மீட்டராவது தள்ளிக் கொண்டு போகணும். முட்டைலேர்ந்து வண்டாக 6 வாரத்துல இருந்து 10 வாரம், அதுதான் கையில இருக்கிற டைம். மேல ஊசி இலை பச்சையாவே இருக்கும்போது கண்டுபிடிக்கணும், பழுப்பாச்சுன்னா பாதி நேரம் வண்டு ஏற்கனவே கிளம்பிப் போயிருக்கும்.

2018ல இது நடக்கல. நடக்க முடியலன்னு சொல்றதுதான் நியாயம். நாடு முழுக்க ஒரே நேரத்துல மரம் விழுந்து கிடக்கு, வெட்ட ஆள் இல்ல, மெஷின் இல்ல, லாரி இல்ல, மரக்கடைல இடம் இல்ல, எல்லாரும் ஒரே சமயத்துல விக்க வந்ததால விலை பாதாளத்துக்குப் போச்சு, வெட்டுற கூலிகூட தேறாதுன்னு சின்ன காட்டுக்காரங்க அப்படியே விட்டுட்டாங்க. வனத்துறைல பல வருஷமா ஆள் குறைச்சிட்டே வந்தாங்க, ஒரு ஃபாரஸ்டர் பாக்க வேண்டிய பரப்பு பெருசாயிட்டே போச்சு, அதோட விலையும் இங்கதான் கொடுத்தாங்க. அப்புறம் 2018, 2019, 2020 மூணு வருஷமும் வறட்சி. ஜெர்மன் விண்வெளி மையம் சாட்டிலைட் வச்சு பாத்த கணக்கு, 2018 ஜனவரிலேர்ந்து 2021 ஏப்ரல் வரைக்கும் ஜெர்மனி முழுக்க சுமார் 5 லட்சம் ஹெக்டேர்ல மரம் போயிருக்கு. 2012 சர்வேல நாட்டுக் காட்டுல நாலுல ஒரு பங்கு ஸ்ப்ரூஸ், 2022 சர்வேல 21 சதவீதம், பைன் அதைத் தாண்டி முதல் இடத்துக்கு வந்துடுச்சு.

வெப்பம் கூடினதாலதான் இதுன்னு கட்டுரை சொல்லுது, நான் மறுக்கல. பிராக்கன் மேல இயற்கையா நின்ன ஸ்ப்ரூஸ்கூட பெரும்பாலும் செத்துடுச்சு, அதையும் மறைக்காம சொல்லணும். ஆனா அதே வறட்சி அதே மலைல பீச்சும் ஓக்கும் கலந்து நின்ன இடத்துல இப்படி மொட்டையடிக்கல. அங்கேயும் பீச் வாடிச்சு, தனித்தனியா மரம் செத்துச்சு, அது வேற. கலந்த காட்டுல ஒரு ஸ்ப்ரூஸ்ல இருந்து இன்னொரு ஸ்ப்ரூஸுக்கு தூரம் இருக்கு, பிர்ச் மாதிரி அகல இலை மரத்தோட வாசனை வண்டுக்கு வழி தெரியாம பண்ணுதுன்னும் ஆராய்ச்சில காட்டியிருக்காங்க.

இங்க பெரிய சண்டையே தேசியப் பூங்காவைப் பத்திதான். ஹார்ட்ஸ் பூங்காவுல நடுப்பகுதில வண்டு வந்தா வெட்டறதில்ல, அப்படியே விடுறாங்க, பக்கத்துக் காட்டுக்காரங்களுக்குப் பரவாம இருக்க ஓரத்துல 500 மீட்டர் அகலத்துக்கு மட்டும் வெட்டறாங்க. 2022 செப்டம்பர்ல பிராக்கன் பக்கம் தீப்பிடிச்சப்போ செத்த மரத்தை விட்டு வச்சதுதான் காரணம்னு ஊர்ல ஒரே கத்தல். எனக்கு இதுல பவேரியன் ஃபாரஸ்ட் பூங்காவோட கதை ஞாபகம் வருது. ஜெர்மனியோட முதல் தேசியப் பூங்கா, 1970ல வந்துச்சு. 1983ல புயல்ல மரம் விழுந்தப்போ எடுக்க வேண்டாம்னு பவேரியா மந்திரி ஹான்ஸ் ஐசன்மான் முடிவு பண்ணினார், வண்டு பெருகி 1990கள்ல ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காஞ்சு போச்சு, ஊர் ஜனங்க கொதிச்சுப் போய் போராட்டமே நடத்தினாங்க. இன்னைக்கு அந்த இடத்துல விழுந்து மக்கின கட்டை மேலயே கன்னு முளைச்சு பல வயசுல பல உயரத்துல காடு வந்திருக்கு, யாரும் ஒரு கன்னு நடல. என் கருத்து என்னன்னா பூங்கால விடறது சரி, அது மரம் விக்கிற இடம் இல்ல. ஆனா விக்கிறதுக்குன்னு ஒரே ஜாதியை நட்டு வச்சவங்க வண்டு வந்ததும் இயற்கை பாத்துக்கும்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னா அது பக்கத்துக் காட்டுக்காரனுக்குப் பண்ற துரோகம். அந்தக் காடு மனுஷன் கட்டினது, மனுஷன்தான் பாத்துக்கணும்.

வண்டு மட்டும் இல்ல, நோயும் அப்படித்தான். இது கட்டுரைல சுத்தமா வரல. ஊசியிலைக் காட்டுல வேர் அழுகல்னு ஒரு நோய் இருக்கு, ஹெட்டரோபேசிடியான்கிற பூஞ்சை, இது பரவறதுக்கு நாமளே கதவைத் திறந்து விடுறோம். காட்டை நெருக்கம் குறைக்கணும்னு நடுவுல நடுவுல மரத்தை வெட்டுவாங்க இல்லையா, அப்ப புதுசா வெட்டின அடிக்கட்டையோட முகத்துல அந்தப் பூஞ்சையோட விதைத்தூள் காத்துல வந்து விழும், அங்கேர்ந்து வேருக்கு இறங்கும், வேரும் வேரும் தொட்டுக்கிட்டு இருக்கிறதால பக்கத்துல நல்லா நிக்கிற மரத்துக்குப் போயிடும். ஸ்ப்ரூஸ்ல அது நடுத்தண்டு வழியா மேல ஏறி பல மீட்டர் அழுகிப் போயிருக்கும், வெளில பாத்தா ஒண்ணும் தெரியாது, வெட்டும்போதுதான் தெரியும். இதை இங்கிலாந்துல தெட்ஃபோர்ட் காட்டுல கண்டுபிடிச்சவர் கேம்பிரிட்ஜ்ல இருந்த ஜான் ரிஷ்பெத். முதல் உலகப் போர் முடிஞ்சப்புறம் மரம் இல்லன்னு அவசர அவசரமா நட்ட பைன் காடு அது, முதல் தடவை நெருக்கம் குறைச்ச உடனே மரம் சாக ஆரம்பிச்சுச்சு. நல்லதுன்னு நினைச்சு வெட்டின வெட்டுதான் நோயை உள்ள கொண்டு வந்துச்சு. மருந்தும் அவரே கண்டுபிடிச்சார், அதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். அடிக்கட்டையைத் தின்னுற இன்னொரு பூஞ்சை இருக்கு, உயிரோட நிக்கிற மரத்துக்கு அது கெடுதல் பண்ணாது, அதை வெட்டின உடனே முகத்துல பூசிட்டா கெட்டது வந்து உக்கார இடம் இல்ல. இப்ப வெட்டுற மெஷினே வெட்டும்போதே நீலச் சாயம் கலந்து அதைத் தெளிச்சிட்டுப் போகுது, எங்க பட்டுச்சு எங்க விட்டுப்போச்சுன்னு கண்ணுக்குத் தெரியணும்னு சாயம். கடுங்குளிர்ல வெட்டினா தெளிக்கவே தேவையில்ல, அப்ப காத்துல விதைத்தூள் இருக்காது. அதே காடு, அதே மரம், எந்த மாசம் வெட்டறோம்ங்கிறதுல கூட நோய் கூடுது குறையுது.

மானைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். ஜெர்மனில வேட்டைங்கிறது பெரிய மரியாதைக்குரிய விஷயம், வேட்டைக்காகவே மானை அளவுக்கு மீறி வச்சிருக்காங்க. அது பீச், ஓக், சில்வர் ஃபிர் கன்னைத் தேடித் தேடித் தின்னுடும், முள்ளு மாதிரி குத்துற ஸ்ப்ரூஸைக் கடைசியாதான் தொடும். கலப்புக் காடு வரணும்னு நட்டாலும் கடைசில ஸ்ப்ரூஸ்தான் மிஞ்சும். சிவப்பு மான் குளிர்ல ஸ்ப்ரூஸ் பட்டையையும் உரிச்சுத் தின்னும், அந்தக் காயத்துல அழுகல் பூஞ்சை ஏறும். எத்தனை மானை விடணும்னு முடிவு பண்றது மனுஷன், அப்ப இந்த அழுகலும் யார் கணக்குல வரும்?

இப்ப இருக்கிற அவசரம் எனக்குப் பயமா இருக்கு. மொட்டையான இடத்துல சீக்கிரம் எதையாவது நடணும், அரசு பணம் தருது, ஸ்ப்ரூஸுக்குப் பதிலா டக்ளஸ் ஃபிர்னு அமெரிக்க மரத்தை நிறைய பேர் சொல்றாங்க, வறட்சி தாங்கும், வேகமா வளரும். நல்ல மரம்தான், கலந்து நட்டா நானும் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மரத்தோட சொந்த ஊர்லயே என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். அமெரிக்கால ஓரிகன் கடற்கரை ஓரமா முன்னாடி ஹெம்லாக், சிட்கா ஸ்ப்ரூஸ்னு வேற ஊசியிலை மரங்களும் நிறைய நின்ன இடத்துல, வெட்டினப்புறம் விலை அதிகம்னு வரிசையா டக்ளஸ் ஃபிரையே நட்டாங்க. அந்த மரத்துல காலங்காலமா ஒரு பூஞ்சை உண்டு, பெருசா தொந்தரவு பண்ணாம இருந்தது, 1925ல சுவிட்சர்லாந்துல நட்ட டக்ளஸ் ஃபிர்லதான் அதை முதல்ல கவனிச்சாங்க, அதனால சுவிஸ் ஊசியிலை உதிர்வு நோய்னு பேர் வந்துச்சு. கடல் மூடுபனியும் ஈரமும் இருக்கிற இடத்துல ஒரே மரமா நட்டதும் 1990கள்ல அது ஓரிகன்ல பெரிய நோயா கிளம்பிடுச்சு. ஊசி இலைல மூச்சு விடுற துளையை எல்லாம் அடைச்சிடும், நாலு வருஷத்து இலை இருக்க வேண்டிய மரத்துல ஒரு வருஷத்து இலைதான் மிஞ்சும், மோசமான இடத்துல வளர்ச்சி பாதியா குறைஞ்சுது. வெளிநாட்டுப் பூச்சி இல்ல, வெளிநாட்டு நோய் இல்ல, சொந்த ஊர் மரம், சொந்த ஊர் பூஞ்சை, நட்ட இடமும் நட்ட விதமும்தான் மாறுச்சு. ஹார்ட்ஸ்ல மறுபடி ஒரே மரத்தை வரிசை கட்டறாங்கன்னு கேக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருது.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு வாசகர்கள் நினைக்கலாம். நிஜமாவே இருக்கு. 1864ல இந்தியாவோட முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆஃப் ஃபாரஸ்ட்ஸ், அதாவது வனத்துறைத் தலைவர், ஆனவர் டீட்ரிக் பிராண்டிஸ், ஜெர்மன்காரர். அவருக்கு அப்புறம் அந்த நாற்காலில உக்காந்த ஷ்லிக்கும் ரிப்பென்ட்ராப்பும்கூட ஜெர்மன்காரங்கதான். 1880கள் ஆரம்பத்துல பிராண்டிஸ் மெட்ராஸ் மாகாணத்துக்கே வந்து வேலை பாத்தவர், 1882 மெட்ராஸ் வனச் சட்டம் அந்தச் சமயத்துல வந்ததுதான். காட்டைக் கட்டம் கட்டமா பிரிச்சு வயசு வாரியா நட்டு வெட்டற முறை ஜெர்மனில இருந்துதான் இந்தியாவுக்கு வந்துச்சு. நீலகிரிலயும் கொடைக்கானல்லயும் சோலைக்கு நடுவுல இருந்த புல்வெளியை வெத்து நிலம்னு நினைச்சு வாட்டில், யூகலிப்டஸ், பைன்னு வெளிநாட்டு மரங்களை நட்டது வேற வேற காலத்துல வேற வேற ஆளுங்க, ஆனா யோசனை ஒண்ணுதான். கொடைக்கானல் பைன் காட்டுல ஃபோட்டோ எடுக்காத தமிழ் குடும்பம் இருக்குமான்னு தெரியல, அது தானா வந்த காடுன்னு நிறைய பேர் இன்னும் நம்பிட்டு இருக்காங்க.

அதனால ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க நிருபர் ஒருத்தரை நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ அனுப்பி, இந்த அந்நிய மரங்களை எடுக்கிற வேலைல வெட்டின பிறகு அந்த இடத்துல என்ன வைக்கிறாங்க, புல்லா, சோலை மரமா, ஒரே ஜாதியா, கலந்தா, வெட்டின கட்டையை எவ்வளவு நாள் அங்கேயே போட்டு வைக்கிறாங்க, அதுல பூச்சி இருக்கான்னு யார் பாக்கிறாங்க, இதை வனத்துறைகிட்டயும் அங்க வேலை செய்ற கூலி ஜனங்ககிட்டயும் கேட்டு எழுதச் சொல்லுங்க. ஹார்ட்ஸ் பூங்காவும் இங்க இருக்கிற வனத்துறையும் வெளியிட்ட விவரம் நிறைய ஜெர்மன்ல இருக்கு, வேணும்னா எனக்கு ஒரு மெயில் போடுங்க, தமிழ்ல எழுதி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோட்டிங்கன், ஜெர்மனி